பத்தில் ஒருவர்: ஒரு பிரெஞ்சு விதியின் பயணம்

பிரான்சின் கல்விச் சட்டத் தொகுப்பில் ஆர் 719-50 என்ற எண்ணில் ஒரு சிறிய பிரிவு இருக்கிறது. சொந்தச் சூழ்நிலையைக் காரணம் காட்டி ஒரு மாணவர் விண்ணப்பித்தால், பல்கலைக்கழகத் தலைவர் அவருக்குப் பதிவுக் கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்கிறது அது. அப்படி விலக்குப் பெறுகிறவர்கள் மொத்த மாணவர்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. அகதிகளையும் வேலை இழந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி. முப்பத்தைந்து ஆண்டுகள் பதிவு அலுவலக எழுத்தர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. பிறகு ஒரு குளிர்காலத்தில் நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் அதைத் தேடி எடுத்தன. மொரோக்கோவிலிருந்தும் செனெகலிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த பல ஆயிரம் மாணவர்கள் 2,770 யூரோவுக்குப் பதிலாக 170 யூரோ கட்டிப் படிக்க முடிந்தது அந்தப் பிரிவினால்தான். அது பிறந்து, ஒதுங்கிக் கிடந்து, தன்னைவிடப் பெரிய ஒரு சுமையைத் தூக்க நேர்ந்த கதை இது.

அதன் பூர்வீகம் 1946. போர் முடிந்து எழுதப்பட்ட அரசியல் சாசனத்தின் முகப்புரை, இலவசமான, மதச்சார்பற்ற பொதுக் கல்வியை எல்லா நிலைகளிலும் அமைத்துத் தருவது அரசின் கடமை என்று அறிவித்தது. ஆரம்பப் பள்ளி வரைக்கும், உயர்நிலைப் பள்ளி வரைக்கும் என்று எல்லை எதுவும் அதில் இல்லை. இருந்தும் பல்கலைக்கழகங்களில் ஒரு சிறு பதிவுக் கட்டணம் இருந்துகொண்டேதான் இருந்தது. 1951 மே 24 நிதிச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, அந்தத் தொகையை அமைச்சர்களே ஆணை போட்டு நிர்ணயிக்கலாம் என்றது. நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை, விவாதம் தேவையில்லை. சாசனம் இலவசம் என்கிறது, நிதிச் சட்டம் கட்டணம் என்கிறது. இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருந்ததற்கு ஒரே காரணம் தொகை சிறியதாக இருந்ததுதான். இன்னொரு சிறப்பும் அதற்கு இருந்தது. பிரெஞ்சுக்காரர் பிள்ளைக்கு என்ன தொகையோ அதேதான் அல்ஜியர்ஸிலிருந்து வந்தவருக்கும் டக்காரிலிருந்து வந்தவருக்கும். வெளிநாட்டவர் என்பதற்காகப் பொதுப் பல்கலைக்கழகத்தில் கூடுதல் தொகை கேட்கும் வழக்கமே அப்போது இல்லை.

வெளிநாட்டு மாணவர்களை வடிகட்டும் ஆசை மட்டும் அவ்வப்போது தலைகாட்டியது. 1979 டிசம்பர் 31 அன்று, இம்பேர் என்பவரின் பெயரால் அறியப்படும் ஒரு ஆணை வந்தது. முதலாண்டில் சேர விரும்பும் வெளிநாட்டவருக்கு மொழித் தேர்வு உள்ளிட்ட தடைகளை வைத்தது. அடுத்த வருடம் போராட்டங்கள் வெடித்தன. 1981இல் இடதுசாரித் தலைவர் மித்தெரான் ஆட்சிக்கு வந்தார், அதன் பின் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

நம் கதாநாயகன் பிறந்தது அந்தக் காற்று வீசிய நாட்களில். 1984 ஜனவரி 5 தேதியிட்ட 84-13 எண் ஆணை. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 26 அன்று, கல்வி அமைச்சர் அலேன் சவாரியின் பெயரால் வழங்கும் உயர்கல்விச் சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்களின் அமைப்பையே மாற்றிய அந்தப் பெரிய சட்டத்துக்கு முன்னால் இந்தச் சின்ன ஆணையை யார் கவனித்திருப்பார்கள்? ஆனால் அதன் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து அங்கேதான் விழுந்தது.

விலக்கை அது இரண்டாகப் பிரித்தது. அரசின் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கும், போரில் பெற்றோரை இழந்து தேசம் தத்தெடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கும் விலக்கு ஒரு உரிமை. அவர்கள் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு சலுகை. கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், தலைவர் முடிவு செய்வார். அவர் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடாதபடி நிர்வாகக் குழு பொதுவான அளவுகோல்களை வகுத்திருக்கும். உரிமையாகப் பெறுகிறவர்களைக் கணக்கில் சேர்க்காமல், சலுகை பெறுகிறவர்களுக்கு 10 விழுக்காடு என்ற உச்சவரம்பு. உரிமைக்கு உச்சவரம்பு கிடையாது, சலுகைக்கு உண்டு. இந்த வேறுபாடு வெறும் நிர்வாக வசதியாகத்தான் அன்று தெரிந்திருக்கும்.

ஆணை வந்து மூன்று வருடம் ஆவதற்குள் கட்டணம் என்ற சொல்லே பிரான்சில் நெருப்பாகிப் போனது. 1986 இறுதியில் அமைச்சர் அலேன் தெவாக்கே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மாணவர்களைத் தேர்ந்தெடுக்கவும், கட்டணத்தை ஒரு வரம்புக்குள் ஏற்றி இறக்கவும் பல்கலைக்கழகங்களுக்கு அது அதிகாரம் தந்தது. லட்சக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பர் 5 நள்ளிரவு கடந்து, பாரீஸின் லத்தீன் பகுதியில், போராட்டத்தில் பங்கெடுக்காத மலிக் உசேக்கின் என்ற 22 வயது மாணவர் போலீஸ் அடியில் இறந்தார். தெவாக்கே பதவி விலகினார், டிசம்பர் 8 அன்று மசோதா கைவிடப்பட்டது. பிரெஞ்சு மாணவர்களின் கட்டணத்தில் கை வைத்தால் ஆட்சி ஆட்டம் காணும் என்ற பாடத்தை அதன் பின் வந்த வலதுசாரி அரசும் இடதுசாரி அரசும் மறக்கவில்லை. 2018இல் வந்த கட்டண உயர்வு ஏன் வெளிநாட்டவர் தலையில் மட்டும் விழுந்தது என்பதற்கு என் விடை இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு ஓட்டு இல்லை. விசாவைப் புதுப்பிக்க வருடாவருடம் மாவட்ட அலுவலக வாசலில் நிற்கிறவர்கள் தெருவில் இறங்க இரண்டு முறை யோசிப்பார்கள்.

அடுத்த முப்பது ஆண்டுகள் அந்த விதிக்கு அமைதியான வாழ்க்கை. வேலை இழந்து நாற்பது வயதில் பட்டம் முடிக்க வந்தவர், கப்பலேறி வந்த அகதி, அப்பா திடீரென்று இறந்துபோன மாணவி என்று வருடத்துக்குச் சிலர் அதன் நிழலில் நின்றார்கள். 2013 ஆகஸ்டில் கல்விச் சட்டத் தொகுப்பின் ஒழுங்குமுறைப் பகுதியை அரசு ஒழுங்கு செய்தபோது 1984 ஆணையின் உள்ளடக்கம் அதற்குள் போனது. உரிமைப் பகுதி ஆர் 719-49 ஆனது, சலுகைப் பகுதி ஆர் 719-50 ஆனது. சொற்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

2018 நவம்பர் 19. பிரதமர் எதுவார் பிலிப் வெளிநாட்டு மாணவர்களுக்கான புதிய திட்டத்தை அறிவித்தார். பெயர் ‘பிரான்சுக்கு நல்வரவு’. அப்போது நாட்டில் ஏறத்தாழ 3,24,000 வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள், 2027க்குள் ஐந்து லட்சம் ஆக்குவது இலக்கு. விசா எளிதாகும், ஆங்கிலத்தில் நடத்தும் படிப்புகள் கூடும், வரவேற்பு மேசைகள் வரும். இவற்றோடு சேர்த்து, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிய கட்டணம்: இளநிலைக்கு 170 யூரோ இருந்தது 2,770 ஆகும், முதுநிலைக்கு 243 இருந்தது 3,770 ஆகும். இளநிலையில் பதினாறு மடங்கு. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குப் பதினான்காயிரம் ரூபாயாக இருந்தது இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

அரசின் வாதத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வசதியான வெளிநாட்டு மாணவர், பல ஆண்டு வரி கட்டிய ஏழைப் பிரெஞ்சுக் குடும்பத்தின் பிள்ளை கட்டும் அதே தொகையைக் கட்டுவது சரியல்ல என்றார் பிரதமர். புதிய கட்டணமும் படிப்பின் உண்மையான செலவில் மூன்றில் ஒரு பங்குதான். வரும் பணத்தில் உதவித்தொகைகளும் விலக்குகளும் 7,000லிருந்து 21,000 ஆகும். பிரிட்டனோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒப்பிட்டால் இது குறைவான தொகைதான், அதை மறுக்க முடியாது.

ஆனால் பிரான்சுக்கு வருகிறவர்கள் யார்? ஏறக்குறைய பாதிப் பேர் ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வருகிறவர்கள். மொரோக்கோ, அல்ஜீரியா, துனிசியா, செனெகல் என்று பிரான்ஸ் ஆண்ட நாடுகளின் பிள்ளைகள். பிரெஞ்சு மொழி அவர்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை இரண்டு பக்கமும் அறியும். மாணவர் விசாவுக்கு அன்று மாதம் 615 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. 2,770 யூரோ என்பது அந்தக் கணக்கில் நாலரை மாதச் சாப்பாடும் வாடகையும். வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. இரவில் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி, காலையில் வகுப்புக்கு வருகிற ஒருவரிடம் இன்னும் நாலரை மாத வாழ்க்கையைக் கொண்டுவா என்று சொல்வதுதான் இந்தக் கட்டணம். பணக்கார வெளிநாட்டு மாணவருக்கு அது ஒரு விமான டிக்கெட்டின் எரிச்சல், அவ்வளவுதான். சுமை முழுக்க ஏழை மேல் விழுந்தது.

யாருக்குப் புதிய கட்டணம் பொருந்தாது என்ற பட்டியல் நீளமானது. ஐரோப்பிய ஒன்றியத்தவர், சுவிட்சர்லாந்துக்காரர், நீண்டகால வதிவிட அட்டை வைத்திருப்போர், இரண்டு ஆண்டுகளாகப் பிரான்சில் வரிக் கணக்கு உள்ள குடும்பத்துப் பிள்ளைகள், தனி ஒப்பந்தம் இருப்பதால் கியூபெக் மாணவர்கள். அகதி அந்தஸ்து பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அதில் உண்டு. பாரீஸின் லா ஷப்பேல் பகுதியில் கடை வைத்து வேரூன்றிய ஈழத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு அந்த வாசகம் ஒரு கவசம். புதுச்சேரியிலும் இந்தக் கோடு விழுந்தது. 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. அந்தக் குடும்பத்துப் பேத்தி பாரீஸில் சேர்ந்தால் 170 யூரோ. அவளோடு ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளியில் பிரெஞ்சு படித்த இந்தியக் குடியுரிமைத் தோழிக்கு 2,770. பாட்டன் காலத்தில் ஒரு தாளில் போட்ட கையெழுத்து இருவரையும் பிரித்தது.

அறிவிப்பு வந்தபோது, அரசை எதிர்த்துப் போராடிய மஞ்சள் மேலங்கிக்காரர்கள் சாலைச் சந்திப்புகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் மாணவர்களும் இறங்கினார்கள். அரசு எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்ப்பு வந்தது: பல்கலைக்கழகத் தலைவர்கள். அவர்கள் கூட்டமைப்பு திட்டத்தை நிறுத்திவைக்கக் கேட்டது. கிளேர்மோன் ஓவேர்ஞ், துலூஸ் ழான் ழொரேஸ், லியோன்-2, ரென்-2, நாந்தேர் என்று ஒவ்வொன்றாக, இந்தக் கட்டணத்தை வாங்க மாட்டோம் என்றன. எந்த அதிகாரத்தில் வாங்காமல் இருப்பது? தொகையை நிர்ணயிப்பது அமைச்சர், பல்கலைக்கழகம் அதை மாற்ற முடியாது. அப்போதுதான் ஆர் 719-50 ஞாபகத்துக்கு வந்தது. தலைவர் விலக்கு அளிக்கலாம், பத்தில் ஒருவருக்கு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் புதிய கட்டணம் பொருந்தக்கூடிய மாணவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவுதான். அப்படியானால் எல்லோருக்குமே கொடுத்துவிடலாமே!

வழிப்போக்கர் இருவர் மூவர் மழைக்கு ஒதுங்கக் கட்டிய திண்ணையில் ஒரு ஊரே வந்து ஏறிக்கொண்டது போல ஆனது.

அமைச்சர் பிரெதெரிக் விதாலுக்கு இது பிடிக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் நீஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர்தான், நிர்வாகக் குழுக்களின் மனநிலையை அறிந்தவர். 2019 ஜனவரியில் அவர் நாடாளுமன்ற மேலவையில், அரசு அலுவலர் என்ற முறையில் பல்கலைக்கழகத் தலைவர்களுக்குக் கீழ்ப்படியவும் விசுவாசமாக இருக்கவும் கடமை உண்டு என்று நினைவூட்டினார். தலைவர்களோ சட்டத்தை மீறவில்லை, சட்டம் தந்த இடத்தில் நின்றார்கள். பிப்ரவரி கடைசியில் அமைச்சர் ஒரு படி இறங்கினார்: முனைவர் பட்ட மாணவர்களுக்கு உயர்வு இல்லை, அவர்கள் எல்லோரையும் போல 380 யூரோ கட்டினால் போதும். ஆய்வுக்கூடங்கள் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இல்லாமல் ஓடாது என்பது அவருக்குத் தெரிந்ததுதான்.

ஏப்ரல் 19 அன்று இரண்டு ஆவணங்கள் கையெழுத்தாயின. ஒன்று புதிய கட்டண ஆணை. மற்றது 2019-344 எண்ணுள்ள விலக்கு ஆணை. நம் விதி திருத்தி எழுதப்பட்டது. சொந்தச் சூழ்நிலை என்ற பழைய காரணத்தோடு, பல்கலைக்கழகத்தின் திட்டமிட்ட நோக்கங்களுக்குப் பொருந்துமானால் என்ற இன்னொரு காரணமும் சேர்ந்தது. விலக்கு முழுதாகவோ பகுதியாகவோ இருக்கலாம். இந்த இரண்டாவது செய்தியில்தான் விஷயம் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் அளித்தது பெரும்பாலும் பகுதி விலக்கு: 2,770லிருந்து 2,600ஐக் கழித்து 170 மட்டும் வாங்கிக்கொள்வது. அதாவது நேற்றுவரை எல்லோரும் கட்டியதைக் கட்ட வைப்பதற்கு இன்று ‘விலக்கு’ தேவைப்பட்டது. 2018இல் புதிதாக வந்த 90 யூரோ மாணவர் வாழ்க்கைப் பங்களிப்பு இதில் சேராது, அதைத் தனியாகக் கட்டியாக வேண்டும். தூதரகங்களும் தங்கள் பங்குக்குச் சில விலக்குகளை வழங்கலாம் என்று ஏற்பாடு வந்தது. வெளிநாட்டு மாணவரை ஈர்க்கும் கருவியாக விலக்கைப் பயன்படுத்த வேண்டும், சிறந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அமைச்சகத்தின் எண்ணம். பல நிர்வாகக் குழுக்கள் தங்கள் நோக்கம் எல்லோரையும் வரவேற்பதே என்று தீர்மானம் போட்டன. முதல் ஆண்டில் உயர்ந்த கட்டணத்தை உண்மையில் வசூலித்த பல்கலைக்கழகங்கள் மிகச் சிலவே.

ஆனால் பத்தில் ஒருவர் என்ற வரம்பு ஒரு இடத்தில் கடித்தது. 1968 மே எழுச்சியின் சூட்டில், 1969இல் பாரீஸ் எல்லையிலுள்ள வென்சேன் காட்டில் தொடங்கப்பட்டது பாரீஸ்-8. பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாத தொழிலாளிகளுக்கும் கதவைத் திறந்துவிட்ட இடம், தொடக்கத்திலிருந்தே வெளிநாட்டவர் நிறைந்த இடம். 1980இல் அதை நகரின் வடக்கே சேன் தெனிக்கு மாற்றினார்கள், குணம் மாறவில்லை. அங்கே வெளிநாட்டு மாணவர்களின் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். யார் அதிகம் வரவேற்றார்களோ அவர்களுக்கே விலக்கு போதாமல் போகிறது. வெளிநாட்டவர் குறைவாக உள்ள சிறு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒரு தீர்மானத்தில் எல்லோரையும் காப்பாற்றிவிடும். சேன் தெனியில் தலையை எண்ண வேண்டும், வருடத்துக்கு வருடம் கணக்குப் பார்க்க வேண்டும். அகதிக்கும் வேலை இழந்தவருக்கும் இடம் அதே பத்துக்குள்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவரின் இடத்தைக் குறைக்கும் நிலை. இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, 1984இல் அவர்கள் இதற்காக அதை எழுதவில்லை. 2019இல் தெரிந்தே அந்த உச்சவரம்பை அப்படியே விட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

மாணவர் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 1946 முகப்புரையைக் காட்டின: எல்லா நிலைகளிலும் இலவசம் என்று சாசனம் சொல்கிறதே! நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் கேள்வியை அரசியல் சாசன மன்றத்துக்கு அனுப்பியது. 2019 அக்டோபர் 11 அன்று விடை வந்தது. இலவசக் கல்வி என்ற கடமை பொது உயர்கல்விக்கும் பொருந்தும் என்று முதல் முறையாகத் தெளிவாகச் சொன்னது சாசன மன்றம். எழுபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த வாக்கியம். கூடவே இன்னொன்றையும் சொன்னது: தேவைப்படும் இடங்களில் மாணவர்களின் பொருளாதார வசதியைக் கணக்கில் கொண்டு, மிதமான கட்டணம் வாங்குவதை அது தடுக்காது.

மிதம் என்றால் எவ்வளவு? அந்தக் கேள்வி அரசு மன்றத்துக்கே திரும்பி வந்தது. 2020 ஜூலை 1 தீர்ப்பில் அது, புதிய கட்டணம் ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 30, 40 விழுக்காடுதான் என்றும், உதவித்தொகைகளும் விலக்குகளும் இருப்பதால் சமவாய்ப்பு கெடவில்லை என்றும் சொல்லி ஆணையை ஏற்றது. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. கட்டணத்தை வாங்கக் கூடாது என்று பல்கலைக்கழகங்கள் கையில் எடுத்த விலக்கு, கட்டணம் நியாயமானதே என்பதற்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டது. விலக்கு இருக்கிறது, எனவே கட்டணம் இருக்கலாம். அந்த விலக்கு யாருக்கும் உரிமையாக இல்லை, ஒரு குழுவின் வாக்கெடுப்பில் நாளையே போய்விடக்கூடியது என்பது அந்தத் தராசில் எடை போடப்படவே இல்லை.

1984இல் விழுந்த வித்து இதுதான். உதவித்தொகை பெறுகிறவருக்கு விலக்கு உரிமை என்றால், வெளிநாட்டு ஏழை மாணவரும் உதவித்தொகை வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் சமூக நிலையை வைத்து வழங்கும் அந்த உதவித்தொகைக்குப் பிரான்சில் இரண்டு ஆண்டு வசிப்பும் குடும்பத்தின் வரிக் கணக்கும் பொதுவாகத் தேவை. நேற்று விமானத்தில் இறங்கியவருக்கு அது கிடையாது. உரிமைக் கதவு பூட்டியிருப்பதால் சலுகைக் கதவில்தான் அவர் நிற்க வேண்டும். சாசனமே ஒப்புக்கொண்ட ஒரு வாக்குறுதியை, பட்டினியில் இருக்கும் சிலருக்கு உதவ எழுதிய விதி ஒன்றின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது ஒரு பெரிய நாடு. விதி இதுவரை தாங்கியிருக்கிறது. தாங்கியது அதன் வலிமையால் அல்ல, நிர்வாகக் குழுக்களில் கை தூக்கிய ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவப் பிரதிநிதிகள் ஆகியோரின் பிடிவாதத்தால்.

தீர்ப்பு வந்த வருடம் கொரோனா வருடம். பகுதிநேர வேலைகள் ஒரே வாரத்தில் மறைந்தன. இலவச உணவுப் பொட்டலத்துக்கு நின்ற வரிசைகளில் வெளிநாட்டு மாணவர்கள் முன்னால் நின்றார்கள், ஊருக்குப் போகவும் வழியில்லை. உதவித்தொகை மாணவர்களுக்கு மட்டும் இருந்த ஒரு யூரோ சாப்பாட்டை 2021 ஜனவரியில் எல்லா மாணவர்களுக்கும் விரித்தபோது, கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று பல்கலைக்கழக உணவகம் கேட்கவில்லை. கல்விக்கும் இதே போல ஒரு தட்டு வைத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

அடுத்த அதிர்ச்சி 2023 டிசம்பரில். குடியேற்ற மசோதாவில் மேலவை வலதுசாரிகள் சேர்த்த பிரிவுகளில் இரண்டு மாணவர்களைப் பற்றியவை: வெளிநாட்டு மாணவர் விசாவுக்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும், உயர்ந்த கட்டணம் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அமைச்சரின் ஆணையில் இருப்பதும் நாடாளுமன்றச் சட்டத்தில் இருப்பதும் ஒன்றல்ல. உயர்கல்வி அமைச்சர் சில்வி ரத்தையோ பதவி விலகல் கடிதம் கொடுத்தார், அது ஏற்கப்படவில்லை. 2024 ஜனவரி 25 அன்று சாசன மன்றம் இரண்டு பிரிவுகளையும் அடித்துவிட்டது. மசோதாவின் பொருளோடு ஒட்டாதவை என்பது மட்டுமே காரணம், நியாய அநியாயத்துக்குள் மன்றம் போகவில்லை. அதாவது வேறொரு மசோதாவில் அவை திரும்ப வரத் தடை இல்லை. அதே நாள் அதிபர் மக்ரோன் ஜெய்ப்பூரில் இருந்தார். மறுநாள் டில்லியில் குடியரசு தின அணிவகுப்பின் சிறப்பு விருந்தினராக, 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களைப் பிரான்சில் வரவேற்கும் இலக்கை அறிவித்தார்.

இங்கிருந்து கிளம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து பிரான்ஸ் போகிறவர்களில் பெரும்பகுதியினர் வணிகப் பள்ளிகளில் சேர்கிறார்கள். அங்கே கட்டணத்தைப் பள்ளியே வைக்கிறது, பத்தாயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம், ஆர் 719-50க்கு அங்கே வேலை இல்லை. பொதுப் பல்கலைக்கழகத்தில்தான் அந்த விதி செல்லும். பிரெஞ்சு படித்து அங்கே இடம் வாங்குகிற பிள்ளைக்கு ஆலோசனை மையங்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

2025-26 கல்வியாண்டில் ஐரோப்பிய மாணவருக்கு இளநிலைக் கட்டணம் 178 யூரோ, முதுநிலைக்கு 254. மற்றவர்களுக்கு 2,895, முதுநிலைக்கு 3,941. மாணவர் வாழ்க்கைப் பங்களிப்பு 105 ஆகிவிட்டது. இரண்டு பட்டியலும் விலைவாசியோடு ஏறியிருக்கின்றன, இடைவெளியும் கூடவே ஏறியிருக்கிறது. தொடக்கத்தில் எல்லோருக்கும் விலக்கு அளித்த பல்கலைக்கழகங்களில் சில, பணமுடை வந்தபின் பின்வாங்கியிருக்கின்றன. சிலவற்றில் குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும், சிலவற்றில் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும், சிலவற்றில் இன்னும் எல்லோருக்கும். ஒரு இடத்தில் விலக்கு தானாகவே கிடைக்கும், இன்னொரு இடத்தில் தேதி தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தில் இளநிலை முடித்து முதுநிலைக்கு வேறு ஊருக்குப் போகிறவர், பழைய விலக்கைக் கையோடு கொண்டுபோக முடியாது. புதிய இடத்தின் நிர்வாகக் குழு அந்த வருடம் என்ன தீர்மானித்திருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து கேட்க வேண்டும்.